பங்கு வைத்தவர்

தம்பியின் மகள் கைபேசியை நீட்டி, "மாமி, கார்வ் அப் எண்டா என்ன?" என்று கேட்டாள். இறைச்சியை வெட்டிப் பங்கிடுவது, காணியையும் அப்படிக் கூறுபோட்டுக்கொள்வது என்று சொன்னேன். வாய்தான் சொன்னது. மனம், நான் உத்தியோகத்துக்கு வந்த புதிதில் கல்முனையில் படித்த சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்குப் போய்விட்டது.

அங்கே என் பக்கத்தில் இருந்தவள் ஹிதாயா, அரசாங்கக் கந்தோரொன்றில் கிளாக். அந்தச் சொல்லை வைத்து ஆளுக்கொரு வசனம் எழுதச் சொன்னார் படிப்பித்த சேர். உம்மா கோழியைப் பங்கிட்டா என்று எழுதினேன். என் கற்பனை அவ்வளவுதான். ஹிதாயா, "சாச்சாமார் எங்கள் வளவைக் கூறுபோடுகிறார்கள்" என்று எழுதினாள். சேர் பிழையில்லை என்று சரி போட்டார். அது உதாரணம் இல்லை என்பது எனக்குத்தான் தெரியும்.

அவள் வாப்பாவும் அவருடைய தம்பிமாரான இரண்டு சாச்சாமாரும் பிரிக்காமல் வைத்திருந்த வளவு அது. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தானே. மௌத்தாகுமுன், கடைசிக் காலத்தில், வாப்பா தன் பங்கை அவளுக்கே எழுதிக்கொடுத்திருந்தார். பெரிய சாச்சா கயிறு பிடித்து அளந்தார். ரோட்டுப் பக்கமெல்லாம் சாச்சாமாருக்கு, பாதையே இல்லாத பின்மூலை அவளுக்கு. அதில் எங்கே வீடு கட்டுவது?

எல்லைக் கட்டை அடிக்க வந்த அன்று துணைக்குப் போனேன். துணை என்ன துணை, வேலியோரம் ஒதுங்கி நின்றேன். ஹிதாயா தேத்தண்ணி கொடுத்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"சாச்சா, ஹஜ்ஜுப் பெருநாளைக்கு குர்பான் இறைச்சி பங்கு வெக்கிற நீங்கதானே. பங்கு வெச்ச ஆள் கடைசியாத்தானே எடுக்கிற?"

"ஓம்."

"அப்ப வளவையும் நீங்களே பிரிங்க. நான் முதல்ல எடுக்கிறன்."

சாச்சா கட்டைகளைப் பிடுங்கி, மறுபடி அளந்தார். இம்முறை மூன்று துண்டும் ரோட்டைத் தொட்டன. ஊரில் எத்தனை பேர் வழக்கு வைத்துக் கோட்டுக்கு அலைந்த விஷயம்! குரலைக்கூட உயர்த்தாமல் முடித்தாளே என்று இன்றும் எனக்கு வியப்புத்தான்.

அங்கேதான் வீடு கட்டினாள், இரண்டு மகள்மாரை வளர்த்தாள். போன மாதம் அவளுடைய பங்கை மகள்மாருக்குப் பிரித்தார்கள். காணி அளக்கிற சேவையர் மெஷினோடு வந்தாராம், அரை மணித்தியாலத்தில் முடிந்ததாம்.

"சரியாப் பிரிச்சாங்களா?" என்று ஹிதாயாவிடம் கேட்டேன்.

"அளவெல்லாம் சரிதான்கா," என்றாள். "அக்காவும் தங்கச்சியும் ஒருத்தர்ட முகத்த ஒருத்தர் பாக்கல்ல."