ராத்தாவுக்கு நடக்க ஓர் இடம்

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் எங்கள் தொழிலில் "தினமும் நடங்க" என்று சொல்வது மிகச் சுலபம். எங்கே நடப்பது என்று திருப்பிக் கேட்டால்தான் சங்கடம். கல்முனைப் பிரதான வீதியோரம் நடந்து பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிரதான வீதி

நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஜெஸீமா, துணிக்கடைக்காரரின் மனைவி. பிரதான வீதியில் அவர் வந்த ஆட்டோ குடைசாய்ந்ததில் காயம் பெரிதாக இல்லை. ஆனால் அன்றோடு தூக்கம் போய்விட்டது. நெஞ்சு படபடக்கும். இதயத்தில் கோளாறு இல்லை என்று டொக்டர் என்னிடம் அனுப்பினார். நானும் நடக்கச் சொன்னேன்.

சில நாளில் முகம் இன்னும் வாடி வந்தார். ஒரு பின்னேரம் கூடவே போனேன். பின்னால் பஸ் ஹோன் அடிக்க, கடை வாசலுக்குள் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காலுக்கு நல்லம்தான் தங்கச்சி. மனசு ஒவ்வொரு ஹோனுக்கும் வீட்டுக்கு ஓடுது."

கடற்கரை

அடுத்தது கடற்கரை என்று முடிவெடுத்தேன். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நல்ல காற்று, ஆளரவமில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மணல் தொடங்கும் இடத்திலேயே ராத்தா நின்றுவிட்டார். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று தன் தங்கையை இழந்தவர் என்பது அப்போது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. திரும்பி நடந்தோம். வீட்டுப் படலையைத் திறந்துகொண்டே சொன்னார்.

"அந்த இரைச்சல் உங்களுக்குக் காத்து. எனக்கு அது வேற."

வாய்க்கால் ஓரம்

எனக்குக் கைவசம் வேறு இடமில்லை. அவருடைய கணவர், எனக்கு அண்ணன் போன்ற சலீம் காக்காதான், மாவடிப்பள்ளியிலுள்ள தங்கள் வயலுக்குப் போய்ப் பார்ப்போமே என்றார். அவர் ராத்தாவை மோட்டார் சைக்கிளில் ஏற்ற, நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன்.

பச்சைப் பயிர், வாய்க்காலில் ஓடும் தண்ணீர், தூரத்தில் ஒரு உழவு மெஷின். முதல் நாள் ராத்தா என் கையை விடவில்லை. இரண்டாம் வாரம் மருமகளைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தார். குறை கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

பிறகொரு நாள் காலை காக்கா தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். என்னவோ ஏதோ என்று பயந்துபோனேன்.

"இவ்வளவு நாளும் முழிச்சிருந்து அவதான் என்னை சுபஹுக்கு எழுப்புவா, தங்கச்சி. இண்டைக்கு நான்தான் அவவ எழுப்பினன்."

இப்போதெல்லாம் நடக்கச் சொல்வதற்கு முன் வீடு எங்கே, வயல் எங்கே, சொந்தக்காரர் எங்கே என்று நான் விசாரிப்பதைப் பார்த்து, கல்யாணம் பேச வந்திருக்கிறேன் என்று நினைப்பவர்களும் உண்டு.