பதினோராவது கேள்வி

ஜாக்லின் பிட்டோனின் குரலை நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். முகம் யாருக்கும் தெரியாது. இஸ்ரேலின் தெற்கே பேர்ஷெவா நகரில் ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தொலைபேசியில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் தையல் ஆலை, அதை மூடிவிட்டார்கள். புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு எய்லாத்துக்குப் போய்விட்டான். ஒரே மகன் அவிஷாய் கட்டாய ராணுவச் சேவையை முடித்துவிட்டு ஹைஃபாவில் தச்சுவேலை செய்தான்; சண்டை வந்தால் ரிசர்வ் படைக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் ஒரு நாளில் பேசும் பேச்செல்லாம் அநேகமாகக் கேள்வித்தாளில் அச்சடித்த கேள்விகள்தான்.

அந்தக் குளிர்காலத்தில் பிப்ரவரித் தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது காஸாவில் சண்டை தொடங்கியது. விமானங்கள் அந்தப் பக்கம் போயின, ராக்கெட்டுகள் இந்தப் பக்கம் வந்தன. அலுவலகத்தில் வேலை மூன்று மடங்காயிற்று.

"சண்டை ஆரம்பிச்சு ஒரே வாரத்துல அஞ்சு சீட்டு ஏறியிருக்கு பாருங்க!" என்று மேற்பார்வையாளர் கினெரெத் கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கட்சியின் கோடு மேலே போயிருந்தது. "கட்சிக்காரங்க இனிமே தினம் ஒரு கணக்கு கேக்குறாங்க. யாரும் லீவு போடாதீங்க."

ஜாக்லின் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தன் மேசைக்குத் திரும்பினாள். முந்தின நாள்தான் அவிஷாய் போன் செய்திருந்தான்.

"அம்மா, ரிசர்வ் படைக்குக் கூப்பிட்டாங்க. நான் போகலை."

"போகலைன்னா? உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. போக மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டேன். நாப்பத்தஞ்சு நாள் சிறை."

"பைத்தியமாடா உனக்கு? இங்க என் தலைக்கு மேல ராக்கெட் விழுது!"

"தெரியும்மா. அதான் மொதல்ல உனக்குச் சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் இருந்த பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் சைரன் ஒலித்தால் ஒரு நிமிஷத்துக்குள் கீழே பதுங்கறைக்கு இறங்க வேண்டும். அங்கே இரண்டாம் மாடி யாஃபா அவளுக்கென்று ஒரு நாற்காலி பிடித்து வைத்திருப்பாள். யாஃபாவின் மகன் ரோனென் டாங்கிப் படையோடு காஸாவுக்குள் போயிருந்தான்; அவிஷாயும் அங்கேதான் என்று யாஃபா நினைத்திருந்தாள்.

"அவிஷாய் போன் பண்ணானா?"

"ராணுவம் போன் பேச விடுறதில்ல" என்பாள் ஜாக்லின். சிறையும் ராணுவத்துச் சிறைதான். அதனால் அது முழுப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். யாஃபா அவள் கையைப் பிடித்துக்கொள்வாள். வருஷக்கணக்கில் அவள் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

இரண்டாம் வாரம் கேள்வித்தாளில் புதிதாக ஒன்று சேர்ந்தது. பதினோராவது கேள்வி: போர்க் காலத்தில் படைக்கு வர மறுப்பவர்களை என்ன செய்யலாம்? அபராதம், நீண்ட சிறை, குடியுரிமைப் பறிப்பு, ஒன்றும் வேண்டாம் என நான்கு பதில்கள். கினெரெத் வாசித்துக் காட்டியபோது ஜாக்லின் தாளைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு இரண்டு நாள் அதை நூறு பேரிடம் கேட்டாள். "சுட்டுத் தள்ளணும்னு பதில் இல்லையா?" என்று அஷ்தோதில் ஒருவர் கேட்டார். "இல்லைங்க ஐயா. இந்த நாலுதான்" என்றாள்.

மூன்றாம் நாள் மதியம் கணினி தானாகச் சுழற்றிய எண் திரையில் வந்தது. யாஃபாவின் வீட்டு எண். தெரிந்தவர் வந்தால் விட்டுவிட வேண்டும் என்பது விதி. அவள் விடவில்லை. ஏன் என்று பிற்பாடு யோசித்தபோதும் அவளுக்குப் பிடிபடவில்லை. பெயர் சொல்லாமல், வேலைக்குரிய அந்த வழவழப்பான குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

பதினொன்று வந்தது.

"குடியுரிமையைப் பிடுங்கணும்" என்றாள் யாஃபா, யோசிக்காமல். "என் புள்ள அங்க புழுதியில கெடக்குறான். நான் தூங்கிப் பதினோரு நாள் ஆச்சு. அவனுங்க மட்டும் மனசாட்சின்னு சொல்லிட்டு வீட்ல படுத்திருப்பானுங்களா? பெத்தவங்களுக்கு வெக்கமா இருக்காது?"

"மூணாவது பதில். நன்றிங்க" என்று ஜாக்லின் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் சைரன். ஜாக்லின் இறங்கி வந்தபோது யாஃபா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வா, வா. குளிருது, இந்தப் போர்வையப் போத்திக்கோ."

ஜாக்லின் உட்காரவில்லை. "அவிஷாய் காஸாவுல இல்ல, யாஃபா. சிறையில இருக்கான். போக மாட்டேன்னுட்டான்."

பதுங்கறையில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் எங்கோ ராக்கெட் விழுந்த சத்தம் கேட்டது. யாஃபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து போன்ல நீதானா?"

"ஆமா."

"குரல் எங்கயோ கேட்ட மாதிரி இருக்குன்னு நெனச்சேன். பேரச் சொல்லாம என் வாயக் கிண்டினியே. அது உன் புள்ள செஞ்சத விட மோசம்."

அடுத்த சைரனிலிருந்து அவள் பதுங்கறைக்குப் போகவில்லை. மாடிப்படி வளைவில் தனியாக நின்றாள். யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை.

சண்டை நின்ற வாரம் ரயிலேறி அத்லித் பக்கத்து ராணுவச் சிறைக்குப் போனாள். அவிஷாய் இளைத்திருந்தான்.

"ஏன்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"போன தடவை காஸாவுல ஒரு வீட்டுக்குள்ள போனோம். அடுப்புல அரிசி கொதிச்சிட்டிருந்துச்சு. அத எறக்கி வைக்கக்கூட நேரமில்லாம ஓடியிருக்காங்க. நான் அடுப்ப அணைச்சேன். அப்புறம் வீட்டையே இடிச்சோம்." அவன் மேசையைப் பார்த்தே பேசினான். "இந்தத் தடவை தேர்தல் வருது, சீட்டு ஏறுதுன்னு டிவியில சொன்னாங்க. அந்த அரிசிதான் ஞாபகம் வந்துச்சு."

"என் தலைக்கு மேல ராக்கெட் விழுந்ததும் சீட்டுக்காகத்தானா?"

"இல்லம்மா. அது நெஜம்."

"நான் எப்பவும் போடுற கட்சிக்குத்தான் போடுவேன்."

"போடு. நான் போடுறது அதை அடிச்சிடும். நம்ம வீட்டுக் கணக்கு சரியாயிடும்." அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அவன் சொன்னதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த அரிசி யார் வீட்டு அரிசி, அவர்கள் எங்கே போனார்கள் என்று ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள்.

தேர்தலன்று மழை. பள்ளிக்கூடத்து வாசலில் வரிசை. இரண்டு பேருக்கு முன்னால் யாஃபா, பக்கத்தில் உயிரோடு திரும்பி வந்திருந்த ரோனென். அவன் திரும்பிப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். யாஃபா திரும்பவில்லை. திரைக்குப் பின்னால் கட்சிக்கு ஒன்றாக அடுக்கியிருந்த வாக்குச் சீட்டுகளில் ஜாக்லின் தன் வழக்கமான கட்சியின் சீட்டை எடுத்தாள், அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். வெளியே யாரோ இருமினார்கள். உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

மதியம் வீட்டில் போன் அடித்தது. சிறையில் கைதிகளுக்கும் வாக்குப்பெட்டி வைத்திருந்தார்கள்.

"போட்டுட்டேன்" என்றான் அவிஷாய். "நீ?"

"போட்டேன்."

"அதே சீட்டா?"

"அதே சீட்டு."

"சரி." பின்னால் அடுத்த கைதி அவசரப்படுத்துவது கேட்டது. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கும்மா. ஏதாவது பேசு."

ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டவளுக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு, தொடர்பு அறும்வரை போனைக் காதில் வைத்திருந்தாள்.