கம்ப்யூட்டருக்குச் சுற்றிய பூசணிக்காய்

கம்ப்யூட்டர் நாசமாய்ப் போகட்டும் என்று கோனியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டவள், கோயமுத்தூரிலேயே எங்கள் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள். சும்மா நேரவில்லை. அப்பாவின் வேலை அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பா கணபதிப் பக்கம் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஆட்களுக்குக் கூலிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். முதலாளியின் மகன் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து, அதற்குக் கண்ணாடி அறை கட்டி, ஏசியும் போட்டான். எங்கள் வீட்டில் ஃபேனே ஒழுங்காகச் சுற்றாது. அந்தச் சனியனுக்கு ஏசி! முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, "இனி நீங்க எதுக்குங்க சிரமப்படோணும்? ஊட்டுல நிம்மதியா இருங்க" என்றார். எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள்.

தொண்ணூற்றொன்பதில் பேப்பரைத் திறந்தால் ஒய்டூகே பேச்சுதான். வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள், இரண்டாயிரம் பிறந்ததும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக் குழம்பிவிடுமாம். பேங்க் படுத்துவிடும், விமானம் விழுந்துவிடும் என்றார்கள். முதலாளி பயந்துபோய் அப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

"கணக்கையெல்லாம் கையிலயும் எழுதி வெச்சுப்போடுங்க. அது படுத்துக்கிச்சுன்னா எனக்கு நீங்கதானுங்க. அப்புறம் ஆயுசுக்கும் உங்கள உடமாட்டேன்."

அப்பா மறுபடி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தார். நான் அப்போது காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் அப்பா கேட்பார்: "நெசமாலுமே கெட்டுப்போகுமா கண்ணு?"

"கெட்டுப்போயிருமுங்கப்பா."

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்னத்தைச் சொல்வது? அன்றைக்குச் சோறு இரண்டு கை கூடுதலாக இறங்கும்.

ஜனவரி முதல் தேதி காலை, தான் ஜெயிப்பதைப் பார்க்க என்னையும் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்கு வைப்பது போலக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். பூசணிக்காய்கூடத் தயாராக இருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளியின் மகன் சுவிட்சைத் தட்டினான். திரையில் இரண்டாயிரம் என்று பளிச்சென்று வந்தது. பிரிண்டர் கரகரவென்று கூலிச் சீட்டைத் துப்பியது.

எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

முதலாளி சிரித்தபடி அவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இது எப்பப் படுக்கும்னு நீங்க பார்த்த பார்வை இருக்குதே! ஊர்க் கண்ணெல்லாம் என்னங்க, உங்க கண்ணுதான் இதும் மேல பட்டிருக்கும். நீங்களே சுத்திப் போட்டிருங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் வருஷக்கணக்கில் கூலி கணக்குப் போட்டுக் கொடுத்த மனுஷனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அப்பா பூசணிக்காயை வாங்கி, கம்ப்யூட்டருக்குச் சுற்றி, வாசலுக்கு எடுத்துப்போய் உடைத்தார். குங்குமத் தண்ணீர் வேட்டியில் தெறித்தது.

"நல்லா இருங்க. இனி நாளையிலிருந்து வரோணும்னு இல்லீங்க" என்றார் முதலாளி. பிறகுதான் அவர் கண்ணில் நான் பட்டேன். "அம்மணி கம்ப்யூட்டர் படிக்குதாமா? பையன் தை மாசம் அமெரிக்கா போறான். இந்த நாற்காலிக்கு ஒரு ஆள் வேணும். அனுப்பி வைங்களேன்."

நாசமாய்ப் போக என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். குங்குமம் படிந்த கைகளைக் கூப்பினார்.

"தை வரைக்கும் எதுக்குங்க மொதலாளி? திங்கக்கெழமையே வந்துருமுங்க."