படத்தில் எழுதிய கடிதம்

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் நான் பட்லராக இருந்தேன். என் மனைவி அங்கேயே ஆயா. வெள்ளைக்காரத் துரையின் மகனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள்தான். ஏழு வயதானதும் அவனைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒருநாள் நான் டீ கொண்டுபோனபோது, துரைசானி ஒரு பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் தம் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களாம். நடுநடுவே படமும் வரைந்திருந்தாராம். அதை மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

“ஏனுங்க, அப்ப எழுத்துத் தெரியாதவங்களும் காயிதம் போடலாமுங்களா?” என்றாள்.

ஒரு காகிதத்தில் அடுப்புக்கரியால் பங்களா நாயை வரைந்தாள். பக்கத்தில் பெரிய மூக்குத்தியோடு தன்னையும் வரைந்தாள். துரைசானி மகனுக்கு அனுப்பும் உறைக்குள் அதையும் வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.

துரைசானி அதை வெகுநேரம் பார்த்தார். “பையன் பார்த்தா அழும். இங்கே வரணும் சொல்லும். வேண்டாம்” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. பிறகு, குளிர்காயும் கணப்பில் எரிந்த நெருப்பைக் காட்டினார். என் கையாலேயே போட்டேன்.

மனைவியிடம், “அனுப்பியாச்சு” என்றேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் அவள்தான் கணப்புச் சாம்பலை முறத்தில் அள்ளினாள். “தம்பி பதிலுக்கு என்ன படம் போடுமுங்க?” என்று கேட்டுச் சிரித்தாள்.

நெருப்பில் போட்டது எஜமானி உத்தரவு என்று இத்தனை வருடம் மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால், அந்த முறத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்ளாதே என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.