பஸ்ஸில் இடம்பிடிக்கிறவர்

மாவட்டம் பிரிந்து ஆபீஸ் தென்காசிக்கு மாறியதிலிருந்து, பிரம்மநாயகி சங்கரன்கோவிலில் பஸ் ஏறும்போதெல்லாம் தில்லைநாயகம் அண்ணாச்சி அவளுக்கு இடம்பிடித்து வைத்திருப்பார். அவருக்குத் தென்காசி மருந்துக்கடையில் வேலை. வீட்டில் தனி ஆள்.

இன்று அவரைக் காணவில்லை. போனையும் எடுக்கவில்லை. நேற்று அவர் தலை சுற்றுவதாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. கிளம்பிய பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டாள்.

அவர் எந்தத் தெரு என்றுகூட அவள் கேட்டதில்லை. டீக்கடைகளில் விசாரித்துக்கொண்டே ஓடினாள். ஒருவழியாகக் கண்டுபிடித்த அவர் வீட்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டியதும் முனகல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள். அண்ணாச்சி குளியலறையில் விழுந்து கிடந்தார்.

"ஆபீசுக்குப் போவலியாம்மா?"

"பேசாம கெடங்க அண்ணாச்சி, ஆம்புலன்ஸ் வருது."

கால் எலும்பு மட்டும்தான் முறிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகே அவளுக்கு மூச்சு வந்தது.