அக்கா தலை வாரிவிட்ட பிள்ளைகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு யார் எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க, அக்காவின் வீட்டுக்காரரான மாமா என் பக்கம் கையைக் காட்டினார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரியில் கிளீனர், இறால் பண்ணையில் காவல், திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் ஒரு மெஸ் என்று சுற்றி, ஒவ்வொரு வேலை தீர்ந்ததும் அக்கா வீட்டுக்கே திரும்பியவன்.

"அவ பள்ளிக்கூடத்துக்கு ஜாஸ்தி போனவன் நீதான் மச்சான். நாங்கள்லாம் அவள வீட்லதான் பார்த்தோம்" என்றார் மாமா. அது உண்மை. அதனால் எழுதுகிறேன்.

காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்துக் கிராமத்தில், அரிசி ஆலையில் நெல் அவிக்கும் தொழிலாளியின் மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அக்கா பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஆலையிலேயே நெஞ்சு வலியில் விழுந்து இறந்தார். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனார். இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்ற நிலை. எனக்குப் படிப்பில் நாட்டமில்லை. அதனால் இதில் சண்டை வரவில்லை.

அக்கா ஆசிரியர் பயிற்சிக்குச் சிதம்பரம் போனார். கீழ வீதியில் ஒரு வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் அந்த வீட்டுச் சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவார். அந்த வீட்டம்மா சோறு போட்டார், உடுத்திய புடவைகளில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார். அக்கா அதை ஒரு கஷ்டமாகச் சொன்னதே இல்லை. சிதம்பரத்தில் நன்றாகச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார்.

மாமா கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். திருமணத்துக்குப் பிறகு அக்கா அங்கே குடிவந்தார். ஒரு மகள் பிறந்தாள். வயல்காட்டுப் பள்ளிகளில் சில காலம் வேலை பார்த்த பிறகு, கடலூருக்குத் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றின் தொடக்கப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாக மாற்றல் வந்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். வேறு ஊர் கேட்கவில்லை.

மீனவப் பிள்ளைகள் விடியலில் படகு கரைக்கு வரும்போதே எழுந்துவிடுவார்கள். வலையிலிருந்து மீன் எடுப்பார்கள், அம்மாவுக்குக் கூடை தூக்கிக் கொடுப்பார்கள். பள்ளிக்கு வரும்போது கையில் செதில் ஒட்டியிருக்கும், கண் சொக்கும். முதல் மணி நேரத்தில் பாடம் ஏறாது. அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு அக்கா பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவார். ஒரு சீப்பு, ஒரு தேங்காய் எண்ணெய்ப் புட்டி. பிள்ளை கீழ்ப்படியில் முதுகைக் காட்டி உட்காரும். மற்ற பிள்ளைகள் உள்ளே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இது ஏன் என்று ஒருமுறை கேட்டேன். முகத்தைப் பார்த்து "வீட்ல என்ன நடந்துச்சு" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்றுதான் சொல்லும், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தானாகப் பேசும் என்றார். அப்பா குடித்துவிட்டு அடித்தது, ராத்திரி சாப்பிடாதது, காதுவலி, பெரிய பையன் மிரட்டியது எல்லாம் அந்தப் படியில்தான் வெளியே வந்தன. அக்கா அதே நாளில் அதற்கு வழி பார்ப்பார். காதுவலியென்றால் ஆஸ்பத்திரி, அடியென்றால் நேராக அந்த வீடு.

தொடக்கத்தில் ஊர்ப் பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்கள் பிள்ளைகள் தலையில் பேன் என்று ஊருக்குக் காட்டுகிறார் என்று எண்ணிச் சிலர் சண்டைக்கே வந்தார்கள். அன்று நான் அங்கே தண்ணீர்க் குழாயைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"பேன் எங்க வீட்டுப் புள்ள தலையிலயும்தான் இருக்கு. வந்ததுதான் வந்தீங்க, உக்காருங்க, உங்க தலையும் பார்த்துடறேன்" என்றார்.

வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அந்த ஊரில் அக்காவுக்குச் சீப்பு டீச்சர் என்று பெயர்.

அக்காவின் பணிக்காலத்தில் ஒரு சம்பவத்தை மட்டும் விரிவாக எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

அந்த ஊரில் அஞ்சலை என்பவரின் வீட்டுக்காரர் போன படகு ஒருநாள் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மகள் தமிழ்ச்செல்வி மூன்றாம் வகுப்பு. அப்பா வேலைக்கு அந்தமான் போயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லிவைத்தார்கள்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் அன்றே மேளம், அன்றே காரியம். அக்காவுக்குத் தெரிந்த வழக்கம் அதுதான். ஊரே பேசிக்கொண்ட சாவு பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார். மறுவாரம் காலை வணக்கத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எழுந்து நிற்கச் சொல்லி, தமிழ்ச்செல்வியின் அப்பாவுக்காக மௌன அஞ்சலி செலுத்தவைத்தார். அந்தப் பிள்ளை முன்வரிசையில் நின்றது.

மதியத்துக்குள் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களும் சத்துணவு ஆயாவும் மட்டும் இருந்தார்கள். அந்த ஊரில் கடலில் போனவரின் உடல் கிடைக்காவிட்டால் இறந்தார் என்று யாரும் சொல்வதில்லை. மனைவி தாலியோடுதான் இருப்பார். ஊர் கூடி நாள் குறித்த பிறகுதான் காரியம். இதை அக்காவுக்குச் சத்துணவு ஆயாதான் சொன்னார்.

அன்று சாயங்காலமே அக்கா ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். அம்மன் கோயில் வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே பெண்கள் பேசும் வழக்கமில்லை. அக்கா கொஞ்சம் தள்ளியே நின்றார். பெரியவர் ஒருவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"அவ இன்னும் தாலியோட இருக்கா. நாங்களே சொல்லாதத நீங்க எப்புடி டீச்சர் சொன்னீங்க?"

"தப்பு என்னுதுதான். உங்க வழக்கத்தக் கேக்காம செஞ்சிட்டேன். என்னைய என்னா வேணா சொல்லுங்க, வாங்கிக்கறேன். புள்ளைங்கள மட்டும் அனுப்புங்க" என்றார் அக்கா.

பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்தார்கள். ஊர் முடிவு செய்யும்வரை அந்தப் பிள்ளையிடம் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று வாக்கு கேட்டார்கள். அக்கா கொடுத்தார்.

டீச்சர் தெரியாமல் சொல்லிவிட்டார், அப்பா அந்தமானில்தான் இருக்கிறார் என்று வீட்டில் பிள்ளையிடம் சொல்லிச் சமாளித்தார்கள். பள்ளி பழையபடி நடந்தது. தமிழ்ச்செல்விதான் பழையபடி இல்லை. மதியச் சாப்பாட்டில் முட்டையை மட்டும் தின்றுவிட்டுச் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிடுவாள், பிறகு முட்டையும் வேண்டாம் என்றாள். வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, கேட்டதற்கு மட்டும் தலையாட்டியது. நாளுக்கு நாள் இளைத்தது. அக்கா வீட்டுக்கு வந்தும் இதே கவலைதான். கேட்கவும் முடியாது, விடவும் முடியாது என்று மாமாவிடம் சொல்வார்.

ஒரு காலையில் படியில் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கேட்காமலே அந்தப் பிள்ளை பேசியது. அக்கா அன்று வீட்டுக்கு வந்து சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், எங்கப்பா அந்தமான் போவல. செத்துப்போச்சி. எனக்கு அன்னிக்கே தெரியும். எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அது அழுவும்."

தாய் பிள்ளைக்காக மறைத்தார், பிள்ளை தாய்க்காக மறைத்தது. ஒரே குடிசையில் இருவரும் அந்தமான் கதையைச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அக்கா ஊருக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது, இந்தப் பிள்ளை கேட்ட வாக்கும் இருந்தது. அதனால் அவளிடம் ஒன்றுதான் கேட்டாராம், நாளைக்கு உங்கம்மா வந்து தலை வாரிவிடட்டுமா என்று. பிள்ளை சரி என்று தலையாட்டியது.

அக்கா அஞ்சலையின் வீட்டுக்குப் போனார்.

"நான் வாக்கு குடுத்திருக்கேன், வாயத் தொறக்க மாட்டேன். நாளைக்குக் காலையில பள்ளிக்கூடம் வந்து உம் புள்ளைக்கு நீயே தலை வாரிவிடு. அது பேசுனா நிறுத்தாத, கேளு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்காவின் ஸ்கூட்டியில் நானும் போயிருந்தேன், குழாய் மறுபடியும் ஒழுகிற்று. அஞ்சலை வந்து படியில் உட்கார்ந்தார். அக்கா சீப்பையும் எண்ணெயையும் அவரிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போய், பிள்ளைகளை வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். படியில் பேசுவது யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காக. என் காதிலும் விழவில்லை. வாரிக்கொண்டிருந்த கை நின்றதைப் பார்த்தேன். பிறகு அந்த அம்மா பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதார். பிள்ளையும் அழுதது. அக்கா வெளியே வரவேயில்லை.

அன்று மதியம் தமிழ்ச்செல்வி தட்டைக் காலி செய்துவிட்டு மறுசோறு கேட்டாள். சத்துணவு ஆயா ஓடிவந்து சொன்னபோது அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஊர் பின்னால் நாள் குறித்துக் காரியம் செய்தபோது, அக்காவையும் கூப்பிட்டார்கள். தாயும் மகளும் கைபிடித்து நின்றார்கள். தமிழ்ச்செல்வி இப்போது சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள். அக்கா பெற்ற விருதுகளென்று எங்கள் வீட்டுச் சுவரில் ஒன்றும் தொங்கவில்லை. எத்தனையோ ஊர் பார்த்தவன் நான், நான் பார்த்த பெரிய காரியம் அந்தப் படியில் நடந்ததுதான். அவருக்குத் தம்பி என்று சொல்லிக்கொள்ள எனக்கு இது போதும்.

ஓய்வுக்குப் பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் பாதி நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கழிந்தது. வலியைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பக்கத்துக் கட்டில்காரர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருப்பார். மகளின் வீட்டிலிருந்த நாளில், காலைக் காபி குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த மாமாவுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வடலூரில் அக்கா பேரில் அன்னதானம் செய்த பழைய ஆசிரியர்களுக்கும், கடைசிநாள் எல்லாவற்றையும் முன்நின்று நடத்திய மஞ்சக்குப்பத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னொருவருக்கும் சொல்ல வேண்டும். அக்கா இறந்த அன்று, அவரை ஆயா என்று கூப்பிடும் ஐந்து வயதுப் பேத்தியை, ஆயா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அடுத்த வீட்டில் விட்டிருந்தோம். எங்கள் யாருக்கும் அதற்கு மேல் வாய் வரவில்லை. கடற்கரை ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களில் அஞ்சலையும் இருந்தார். பிள்ளை எங்கே என்று கேட்டார். சொன்னோம். என் அக்கா மகளைக் கையோடு பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

"புள்ளைகிட்ட நீ சொல்லு கண்ணு. பெத்தவ சொன்னாதான் தாங்கும். நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

மகள் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் பிள்ளையை நடத்திக் கூட்டிவந்தார்கள். அது அழுதபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஆயாவின் கன்னத்தைத் தொட்டது, ஒரு முத்தம் கொடுத்தது, அம்மாவின் மடியில் வந்து உட்கார்ந்தது. அந்த முத்தம் எங்களால் தவறிப்போக இருந்தது. அஞ்சலை அம்மாவுக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம்.