வேலியோரத்துத் தேயிலைக் கன்று

துரைமாரின் கல்லறைகளைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்றால் ஹட்டனில் சிரிப்பார்கள். "வெள்ளக்காரன் செத்தும் ஒன்னய வேலை வாங்குறான்" என்பார் என் முதலாளி. சிரித்துவிட்டுப் போகட்டும். நான் கொத்தன். உடைந்த கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தேயிலைத் தோட்டத்து மேல்மலையில் இருக்கும் அந்தப் பழைய மயானத்துக்கு ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் போவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் எங்களுக்குத் தலைவர். உடைந்த சிலுவைகளை ஒட்டுவது என் பொறுப்பு.

அங்கே எங்களுக்கு ஒரே எதிரி தேயிலை. விதை விழுந்து முளைத்தால் வேர் கல்லையே பிளந்துவிடும். அதனால் கன்றைக் கண்டதும் பிடுங்கிவிடுவோம். அன்றும் வேலியோரம் நின்ற ஒன்றை ஆசிரியர் பிடுங்கி, எரிகிற குப்பையில் எறிந்தார்.

கொஞ்ச நேரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துப் பெண் ஒருத்தி விறகுக் கட்டோடு அந்தப் பக்கம் வந்தாள். கன்று நின்ற குழியைப் பார்த்தாள். விறகைப் போட்டுவிட்டு, நாங்கள் கல் நெம்பும் இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"எம்புள்ள மேல கைய வச்சது எவன்டா?"

முதல் அடி ஒரு துரையின் பளிங்குச் சிலுவைமேல் விழுந்தது. தலைப்பாகம் உடைந்து தெறித்தது. பின்னாலிருந்து பிடித்தேன். முழங்கையால் மூக்கில் இடித்தாள். ரத்தம் வாய்க்குள் இறங்கியது. ஆசிரியர் அவளைப் பிடித்துத் தள்ளினார். கல்லில் மோதி அவள் உதடு கிழிந்தது.

"விசரி! இது நூறு வருசத்துக்கு மேலான சிலுவை! பொலிசைக் கூப்பிடப் போறன்."

அவள் தவழ்ந்துபோய்க் குழியின்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

"எங்காளுங்கள பொதைச்ச எடத்துல எல்லாம் தேயிலைய நட்டுட்டானுங்க. தொரை படுத்திருக்க எடத்துல நட மாட்டானுங்கன்னுதான் எம்புள்ளய இங்க கொண்டாந்து பொதைச்சேன். அடையாளத்துக்கு ஒரு கன்னு வச்சேன். தேயிலை நின்னா எவன் ஏன்னு கேப்பான்?"

என் அப்பாவைப் புதைத்த இடத்திலும் இப்போது கொழுந்து பறிக்கிறார்கள். எந்தச் செடிக்குக் கீழே என்று எனக்குத் தெரியாது. அடுத்த மழைக்கு இந்தக் குழியும் மூடிப்போகும். ஆசிரியர் கைபேசியை எடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து வேலியோடு சேர்த்து அழுத்தினேன். கைபேசி கீழே விழுந்தது. அவரை அடித்தே இருப்பேன். மற்றவர்கள்தான் இழுத்துப் பிரித்தார்கள்.

மூச்சு வாங்கியபடி அவர் சொன்னார். "சரி, பொலிஸ் வேண்டாம். நீர் அந்தத் துண்டை எடுத்துச் சிலுவையில ஒட்டும்."

சீமெந்தைக் குழைத்தேன். உடைந்த பளிங்கைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனேன்.

"அது துரையின்ர கல்லல்லோ!"

"தொரை பேரு அடிக்கல்லுல அப்படியே இருக்குங்க சார்."

குழியில் கல்லை நட்டுச் சீமெந்தை ஊற்றினேன். சாயாமல் இருக்க அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இறுகிவிட்டது, விடலாம் என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை.